தயிர்க் கிண்ணத்தில் தெரிந்த மனசு

மர்கிலான் ஊரில் அந்தக் கோடையில் தயிருக்குப் பஞ்சம் வந்தது. மாடுகள் மேல் குற்றமில்லை, அவை வழக்கம்போல் கறந்துகொண்டுதான் இருந்தன. உறைந்த தயிரெல்லாம் வாய்க்குப் போகாமல் தலைக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தேனும் எலுமிச்சையும் சீமைச்சாமந்திப் பூவும் அதே பாதையில் போயின. எங்கள் தெரு ஆண்கள் சூப்பில் தயிரில்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எல்லாம் தில்லா அக்காவின் அருள்.

பட்டுச் சந்தைக்குப் பின்னால், திராட்சைப் பந்தலுக்குக் கீழே மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பார் தில்லா அக்கா. போன வருடம் வரை உலர்ந்த பாதாமிப் பழம் விற்றவர். பழத்தில் புழு வந்தது. அக்காவுக்கு ஞானம் வந்தது.

ஞானத்தின் சாரம் இதுதான். உங்கள் வீட்டுத் தயிர், உங்கள் வீட்டுத் தேன், உங்கள் வீட்டு எலுமிச்சை, உங்கள் கொல்லைப் பூ. எல்லாவற்றையும் நீங்களே கிண்ணத்தில் கலக்கலாம். அக்கா தன் பங்குக்குக் கெண்டியிலிருந்து ஊற்றுவது புதினா போட்ட மலைச்சுனைத் தண்ணீர் மட்டுமே. சடை நுனியை அதில் முக்கி, துணியால் சுற்றி, ஒரு பானைப் பிலாவுச் சோறு வேகும் நேரம் காத்திருக்க வேண்டும். மனசு சுத்தமாக இருந்தால் நுனி பொன்னிறமாகும். அழுக்காக இருந்தால் அட்டைக் கறுப்பாகவே இருக்கும்.

"நான் என்ன பண்றேன்? எல்லாம் உங்க அடுப்படிச் சாமான். இயற்கை! நாக்கு பொய் சொல்லும், மயிர் பொய் சொல்லாது" என்பார் அக்கா.

கறுத்தே போனவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டு கெஜம் பட்டோ, ஒரு கிடாவோ கொண்டுவந்தால் மனசை வெளுத்துக்கொள்ளலாம். வெளுத்தவர்களுக்கு அடுத்த வாரம் முழுத்தலையும் பொன்னாகும். இப்படித்தான் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் செம்பட்டைத் தலையோடு புண்ணியவதிகளாக நடமாடினார்கள். கறுப்புத் தலைக்காரிகள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சந்துக்குள் புகுந்து போனார்கள். நான் போகவில்லை என்று பெருமை பேச மாட்டேன். போனேன், அங்கே போடும் பிலாவுக்காக.

இதுவரை வேடிக்கை. ஹுல்கர் விஷயத்தில்தான் வினையானது.

ஹுல்கர் பக்கத்து வீட்டு ஸலோமத்தின் மகள். தறிக்கூடத்தில் பட்டுக்குச் சாயம் முக்குகிறவள், விரலெல்லாம் நீலம். வேன் ஓட்டும் எர்கினுக்கும் அவளுக்கும் நிச்சயமாகி, இரண்டு வீட்டாரும் ரொட்டி பிட்டுப் பாதிப் பாதியாக எடுத்துப் போயிருந்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டி பிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எர்கின் நல்ல பையன். ஒரே குறை, அம்மா இருக்கும் இடத்தில் அவனுக்கு வாயே இருக்காது.

அந்த அம்மாதான் பஹ்ரினிசா. தலை முழுக்கச் சோளக்கதிர் நிறத்தில் வந்து நின்றாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. மருமகளை ஒருதடவை தில்லா அக்காகிட்ட காட்டிடுவோம். என் வீட்டுக்கு விளக்கேத்த வர்றவ பாருங்க."

"அவ தலையில என்ன இருக்குன்னு பாக்கவா, அத்தை?" என்றாள் ஹுல்கர்.

"மனசுல என்ன இருக்குன்னு பாக்கடி!"

போனார்கள். வெறுங்கையோடு போனார்கள், அதுதான் தப்பு. ஹுல்கருக்கு முன்னால் இருந்தவள் ஒரு பட்டுச் சுருளை மெத்தை ஓரம் வைத்தாள். அவள் நுனி பளபளவென்று பொன்னாகியது. ஹுல்கரின் நுனி தயிர் வழிய, தேன் வழிய, கறுத்தது கறுத்தபடியே வெளியே வந்தது.

தில்லா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "இருட்டு. ஒரே இருட்டு. இந்தப் பொண்ணு நுழையற வீட்டுல மாவு தங்காது."

பஹ்ரினிசாவின் முகம் செத்துப்போனது. வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள மனசை வெளுத்துக் காட்டட்டும். இல்லேன்னா எங்க பாதி ரொட்டியைத் திருப்பி அனுப்பிடுவேன், சம்பந்தி."

திரும்பி வந்த ரொட்டி உள்ள வீட்டுக்கு எங்கள் ஊரில் மறுபடி யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். ஸலோமத் வீட்டுக்கு வந்து அழுதாள். வேலி ஓரம் நின்று கேட்ட எனக்கே பொறுக்கவில்லை. ஒரு கிண்ணம் தயிர் ஒரு பெண்ணின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதா? சீ!

ஹுல்கர் மட்டும் அழவில்லை.

"அம்மா, அந்தம்மாகிட்ட ரெண்டு கெண்டி இருக்கு, பாத்தியா? பட்டு கொடுத்தவளுக்கு நல்ல கெண்டி. எனக்கு மூக்கு உடைஞ்ச கெண்டி. நல்ல கெண்டியைச் சாய்ச்சப்போ புதினாவை மீறி ஒரு நெடி வந்துச்சு. கண்ணு எரிஞ்சுது. பஸ் நிலையத்துப் பக்கம் முடி வெட்டற கடையில வருமே, அதே நெடி."

"நெடியை வெச்சு ஊர் வாயை மூட முடியுமாடி?"

"முடியாது. அதனால அவங்களுக்கு ஒரு கிடா ஓட்டிட்டுப் போ. கொழுத்ததா பாத்து ஓட்டிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை பந்தலுக்குக் கீழே எள் போட்டால் எள் விழாது. கிடா முதல் நாளே போய்ச் சேர்ந்து, தில்லா அக்காவின் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா முகத்தில் கருணை வழிந்தது.

"வா கண்ணு. மனசை அலசிட்டியா?"

"அலசிட்டேன் அக்கா. நீங்களே பாத்துச் சொல்லுங்க. என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

ஹுல்கர் சடையை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியைத் தயிரில் முக்கினாள். அக்கா நல்ல கெண்டியை எடுத்து மூன்று தடவை ஊதி ஊற்றினார். புதினா மணத்தது. துணி சுற்றியாயிற்று. பிலாவு வெந்தது, நாங்கள் சாப்பிட்டோம். பஹ்ரினிசா மட்டும் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

துணியை அவிழ்த்தார்கள். பொன்னான பொன்! கூட்டம் குலவையிட்டது.

தில்லா அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்கடி! இத்தனை நாள்ல இப்படி ஒரு மனசை நான் பாத்ததில்ல. பால்! பச்சைப் பால்! பொய் தெரியாத மனசு, பொறாமை தெரியாத மனசு!"

"நிச்சயமா சொல்றீங்களா அக்கா?"

"என் உசுர் மேல ஆணையா!"

ஹுல்கர் பின்னலுக்குள் விரலை விட்டு முடிச்சை இழுத்தாள். பொன்னிற நுனி தனியே கையோடு வந்தது. சவுரி! எங்கள் ஊரில் சடையை நீட்டிக்காட்ட யார்தான் சவுரி வைக்கவில்லை? ஆனால் அடர்த்திக்குப் பேர்போன ஹுல்கரின் சடையில் சவுரி இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

"இது என் முடி இல்ல. எங்க மாமா வீட்டுக் கறுப்பு ஆட்டோட முடி. பொய் தெரியாது, பொறாமை தெரியாதுன்னு சரியாத்தான் சொன்னீங்க. ஆனா பக்கத்து வீட்டு முட்டைக்கோசைத் திருடித் தின்னும்."

முதலில் ஒரே ஒரு சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. அது நான்தான். பிறகு பந்தலே குலுங்கியது.

தில்லா அக்கா லேசுப்பட்டவரா? "ஏன் சிரிக்கறீங்க? ஆடும் படைப்புதான்! ஆட்டுக்கு மனசு இல்லையா? உன் மனசைவிட அது சுத்தம், அதைத்தான் தண்ணி காட்டுது!"

இரண்டு மூன்று செம்பட்டைத் தலைகள் "ஆமாமா" என்று ஆடவும் செய்தன. அடக் கொடுமையே!

"சரி அக்கா" என்றாள் ஹுல்கர். மடியிலிருந்து அதே ஆட்டின் முடியில் இன்னும் இரண்டு கற்றை எடுத்தாள். இரண்டு கிண்ணம், ஒரே தயிர், ஒரே தேன். "அத்தை, நீங்களே ஊத்துங்க. இதுல நல்ல கெண்டி, அதுல மூக்கு உடைஞ்ச கெண்டி."

"கெண்டியைத் தொடாதே!" என்று பாய்ந்தார் அக்கா.

"சுனைத் தண்ணிதானே அக்கா? தொட்டா என்ன?" இதைக் கேட்டது பஹ்ரினிசா. குரல் மாறியிருந்தது. ஒரு கையால் அக்காவை விலக்கிவிட்டு, மறு கையால் அவளே ஊற்றினாள்.

மறுபடி காத்திருந்தோம். பிலாவு தீர்ந்துவிட்டதால் தேநீரோடு காத்திருந்தோம். துணியை அவிழ்த்தபோது ஒரு கற்றை பொன், ஒரு கற்றை கறுப்பு.

"ஒரே ஆடு" என்றாள் ஹுல்கர். "இந்தக் கெண்டியில புண்ணியவதி, அந்தக் கெண்டியில பாவி. மனசைப் பாத்தது தண்ணி இல்ல. கெண்டியை எடுத்த கை உங்க மடியைப் பாத்துச்சு. இது முடி வெட்டற கடையில வெளுக்க வெச்சிருக்கற மருந்து. தயிரும் தேனும் பூவும் முடியை மிருதுவாக்கும், மணக்கவும் வைக்கும். கறுப்பை ஒருநாளும் பொன்னாக்காது. வீட்டுல வெறும் தயிரைத் தடவிப் பாருங்க, நான் சொல்றதையும் நம்ப வேணாம்."

பெண்கள் ஒவ்வொருவராகக் கெண்டியை மோந்து பார்த்தார்கள். மோந்தவள் எல்லாம் கண்ணைக் கசக்கினாள். அப்புறம் தில்லா அக்காவைத் தேடினால் மெத்தைதான் இருந்தது. ஸலோமத் கொல்லைக்குப் போய்க் கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். அது இரண்டு நாளில் இன்னும் கொழுத்திருந்தது.

மறுநாள் பஹ்ரினிசா வந்தாள். தலையை இறுக்கி முக்காடிட்டிருந்தாள்.

"சம்பந்தி, அந்தப் பாதி ரொட்டி பத்திரமா எங்ககிட்டதான் இருக்கு..."

பதில் உள்ளேயிருந்து வந்தது. "அது காஞ்சுபோயிருக்கும் அத்தை. புதுசா சுட்டுக் கொண்டு வாங்க. வரும்போது உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கு வாய் இருக்கான்னு நானும் ஒரு சோதனை பண்ணிப் பாக்கணும்."

எர்கின் வந்தான். வியர்த்து வழிந்தாலும் பேசினான். அம்மாவுக்கு எதிரிலேயே, "அன்னைக்கே நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்" என்றான். அறுவடைக்குப் பின் கல்யாணம் நடந்தது. கறுத்த கூந்தலோடு, மாமியாருக்குச் சமமாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் ஹுல்கர்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் எங்கள் ஊரை நீங்கள் அறியவில்லை. கெண்டியின் குட்டு உடைந்த வாரமே ஹுல்கரின் மாமா வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் முட்டைக்கோசு, ஒருத்தி கையில் வண்ணத்துணி. கறுப்பு ஆட்டின் கொம்பில் துணி கட்டி, காதோரம் வேண்டுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடு மென்றபடியே கேட்டது.

"என்னக்கா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஹுல்கர்.

"என்ன இருந்தாலும் பால் மனசுன்னு ஊரறியத் தெரிஞ்சுபோச்சே கண்ணு. ஒண்ணு கேட்டு வெச்சா குறைஞ்சா போயிடும்?" என்றாள் துணி கட்டியவள்.

ஹுல்கர் கொம்பிலிருந்த துணியை அவிழ்த்து அவள் கையிலேயே திணித்தாள்.

"அக்கா, இந்த ஆட்டுக்கு மனசு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தலை இருக்கு. அதை முடி வளர்க்க மட்டும் வெச்சுக்காதீங்க."