திங்கட்கிழமை பூக்கும் மரங்கள்

மரம் பூப்பது வெயிலாலும் மழையாலும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், என் கண்ணுகளா. மரம் பூத்ததே எங்கள் அலுவலகத்தால்தான். ‘மலர்ச்சி நாள் மதிப்பீட்டு அலுவலகம்’ என்று வாசலில் பலகையே உண்டு. அங்கே நான் பதினேழு வருடம் களப் பார்வையாளர். அதாவது, மரத்தை அண்ணாந்து பார்க்கச் சம்பளம்.

ஜீப் எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும் கிடைக்கும். மற்ற நாள்களில் அது மேலதிகாரியின் வீட்டம்மாவுக்கு வேண்டும். திங்களன்று காட்டுக்குப் போவோம். பூ இருந்தால் ‘இன்று மலர்ந்தது’ என்று எழுதுவோம். பதினேழு வருடப் பதிவேடுகளைப் புரட்டிய மேலதிகாரி ஒரு மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தார்: எல்லா மரமும் திங்கட்கிழமைதான் பூக்கிறது! கேடயம் கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன்.

அந்த வருடம், ஒரு புதன்கிழமை, தேன்காரி வந்தாள். அவளிடம் நாற்பது பெட்டி தேனீ. அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. நாங்கள் ‘மலர்ந்தது’ என்று சீட்டு கொடுத்தால்தான் பெட்டிகளைக் காட்டுக்குள் விடுவார்கள்.

“ஐயா, நேத்தே மரமெல்லாம் வெள்ளையா பூத்து நிக்குது.”

“நேத்து செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு மரம் பூக்காதும்மா. ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்” என்றார் மேலதிகாரி.

“இந்தாங்க, கிளையையே ஒடிச்சிட்டு வந்திருக்கேன்!”

மேலதிகாரி மரியாதையாக முகர்ந்து பார்த்தார். “நல்லாத்தான் மணக்குது. ஆனா இன்னும் மலரல. திங்கக்கிழமை வா.”

“அதுக்குள்ள கொட்டிடும்யா! என் பூச்சியும் தாங்காது.”

“கொட்டட்டும். முறைப்படி மலர்ந்துட்டுக் கொட்டட்டும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க அந்தக் காட்டோரந்தானே பஸ் ஏறுறீங்க? நீங்களாவது சொல்லுங்கக்கா.”

என் குடைமேல் நாலு வெள்ளை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. குடையை மேசைக்கு அடியில் காலால் தள்ளினேன்.

“பஸ்ல வர்றப்ப நான் டியூட்டில இல்லம்மா” என்றேன்.

திங்கட்கிழமை போனோம். கிளையில் ஒரு பூ இல்லை. தரையெல்லாம் கணுக்கால் அளவுக்கு வெள்ளை.

“‘இவ்வருடம் மலரவில்லை’. எழுதுங்க” என்றார் மேலதிகாரி.

“கீழே இவ்வளவு கிடக்கே சார்?” என்றார் ஜீப் ஓட்டுநர்.

“கீழே பாக்கறது நம்ம வேலை இல்லப்பா.”

திரும்பும் வழியில் தேன்காரியின் வீடு. நாற்பது பெட்டியிலும் சத்தமே இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். மேலதிகாரி இளகிய மனசுக்காரர், தொப்பியைக் கழற்றினார். பிறகு தம் கையாலேயே எழுதினார்: ‘தேனீக்கள் இறந்த நாள்: திங்கள்.’

எங்கள் பதிவேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், கண்ணுகளா. அவை செத்தது புதன்கிழமை. காலை பத்தரை மணி. என் குடை மேசைக்கு அடியில் போன நேரம்.