தவளைப் பள்ளத்து ஷாம்பெயின்

அர்சேனுக்குத் தன் நாக்கின் மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மடக்கு வைன் கொடுத்தால் போதும், எந்தச் சரிவில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவான். சொல்வதோடு விடமாட்டான். கேட்டவர் எழுந்து ஓடும்வரை விளக்குவான்.

அவனுக்கு அப்பா வழியில் வந்த திராட்சைத் தோட்டம் சுண்ணாம்பு மேடு. மனைவி எலியான் சீதனமாகக் கொண்டுவந்தது தவளைப் பள்ளம். பள்ளத்துத் திராட்சை வருஷாவருஷம் கலவைப் பீப்பாயில் பேர் தெரியாமல் கரைந்துபோகும்.

"ஒரே ஒரு தடவை என் நிலத்தை மட்டும் தனியா பாட்டில்ல போடுங்களேன்" என்று அவளும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தவளைக்கு எதுக்குடி தனி லேபிள்?" என்பான்.

மேட்டு வைன் மட்டும் நிலவறையில் பதினைந்து வருஷம் தனியாகத் தவம் கிடந்தது. இன்று அதை ருசி பார்க்கும் நாள். தேறினால் லேபிள் அச்சுக்குப் போகும். சாட்சிக்குப் பக்கத்துத் தோட்டத்து தியெபோ வந்து உட்கார்ந்தான். விற்கும்போதுதான் லேபிள் ஒட்டுவது வழக்கம். அதனால் எலியான் கீழேயிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில்களும் மொட்டையாக இருந்தன.

"ஒண்ணு உங்க மேடு. எதுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

"எனக்கே பரீட்சையா?"

அர்சேன் இரண்டின் மூடியையும் தட்டித் திறந்தான். பாட்டில் கழுத்தில் தங்கிய மண்டி தெறித்து வெளியேறியது. முதல் பாட்டிலில் ஒரு வாய் குடித்தான்.

"இது யாரோ சோம்பேறி வளர்த்த திராட்சை. மதியம் பூரா தூங்கியிருப்பான்."

இரண்டாவதைக் குடித்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. வறுத்த பாதாம், தேன், மழையில் நனைந்த சுண்ணாம்பு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டேய் தியெபோ! இதுதாண்டா மேடு! எங்கப்பன் மண்ணுடா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"பொறாமைப்படாதே!"

"இதுதான்னு உறுதியா சொல்றீங்களா?" என்றாள் எலியான்.

"தலையை வெட்டினாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"தலை இருக்கட்டுங்க. அந்தச் சோம்பேறி வளர்த்ததுதான் உங்க மேடு. இது பூராவும் தவளைப் பள்ளம்."

"அதெப்படி? இதை யாரு தனியா போட்டது?"

"இந்த மேட்டு வைன் போட்ட வருஷம் அறுவடையில இடுப்புப் பிடிச்சுப் பத்து நாள் படுத்திருந்தீங்களே. கட்டில்ல இருந்தே உத்தரவு போட்டீங்க. நானும் எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னேன்."

"நான்தாண்ணே பிழிஞ்சு குடுத்தேன்" என்றான் தியெபோ. "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க. பதினஞ்சு வருஷம்! எனக்கு வயிறே வெடிச்சிருக்கும்."

அர்சேன் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தான். நாக்கு கட்சி மாற மறுத்தது. தோற்றவன் தலை குனிய வேண்டியதுதான் முறை. ஆனால் இப்படியொரு வைன் தன் வீட்டு நிலவறையில் பிறந்திருக்கிறது என்ற பெருமையில் அவன் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

"இந்தச் சுத்துவட்டாரத்துலயே இதுக்கு ஈடு இல்லடா! பண்ணினது யாரு? என் பொண்டாட்டி!"

எலியானின் முகம் சிவந்தது. அதுதான் சமயம் என்று அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அப்போ லேபிள் அடிச்சிடலாம், என்ன? என் பேரும் ஒரு ஓரமா..."

"போன மாசமே அடிச்சாச்சுங்க. உங்க பேரும் இருக்கு."

"எங்க?"

"பின்பக்கம். 'குளிர வைத்துக் குடிக்கவும்'னு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக் கீழே."