மேசைக்காகத் திருத்தப்பட்ட நாடு

மருங்கை நாட்டுக்கும் குடவரை நாட்டுக்கும் நெடுங்காலமாக எல்லைத் தகராறு. ஆட்களைப் பலி கொடுத்து அலுத்துப்போன இரு நாடுகளும் கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அறுவடை முடிந்ததும் ஒரே ஒரு போர். அதுவும் மேசைமேல், விரலுயர ஈயப் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி. வென்றவருக்கு, அதுவரை மருங்கையின் கையிலிருந்த எல்லை மாவட்டம். மேசையின் நிலப்பரப்பு அந்த மாவட்டத்தை அச்சாக ஒத்திருக்க வேண்டும்.

மருங்கை மன்னர் தளவேந்தர் உடனே பயிற்சியில் இறங்கினார். அவருடைய குதிரைப் பொம்மைகள் எல்லை மாவட்டத்து நாணலூர்ச் சதுப்பில் மாட்டிக்கொண்டன. சதுப்பில் பாதித் தூரம்தான் நகரலாம் என்பது விதி. எதிரியாக ஆடிய அமைச்சர் நெடுமொழியார் தோற்க எவ்வளவோ முயன்றும் வென்றுவிட்டார்.

"அந்தச் சதுப்பை எடுத்துவிடும்," என்றார் மன்னர்.

"மேசை நாட்டைப் போல் இருக்க வேண்டும் மகாப்பிரபு. ஆனால் நாடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை."

மறுவாரமே நிஜச் சதுப்பு வடிக்கப்பட்டது. அங்கே கோரை அறுத்துப் பிழைத்த சடைச்சி அரண்மனைக்கு வந்தாள்.

"கோரையும் போச்சு, கிணறும் வத்திப் போச்சு. நாங்க எதைக் குடிக்க, சாமி?"

"நாட்டுக்காகக் குதிரைகள் ஓடக் காத்திருக்கின்றன. நீ கொஞ்சம் தாகம் தாங்கக் கூடாதா?" என்றார் அமைச்சர்.

அடுத்த பயிற்சியில் எதிரி வில்லாளிகள் குன்றின்மேல் ஏறி, மன்னரின் படையைச் சல்லடையாக்கினார்கள். குன்று வெட்டிச் சமப்படுத்தப்பட்டது. அந்த மண்ணும் கல்லும் வயல்களில் கொட்டப்பட்டன.

பிறகு கைகலப்புப் பயிற்சி. இரு பொம்மைகள் முட்டிக்கொண்டால் இருவரும் பகடை உருட்ட வேண்டும். சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கு இரண்டு எண் கூடுதல். எதிரிப் பொம்மைகள் நாணலூர் வீடுகளுக்குள் புகுந்துகொண்டன. மன்னரின் வீரர்கள் வாசலிலேயே விழுந்தார்கள்.

வீடுகளை இடிக்க ஆட்கள் வந்தபோது சடைச்சி வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க வீட்டுக்குள்ள எதிரி பொம்மை வந்துச்சுன்னு எங்க வீட்டையா இடிக்கிறீய?"

"பொம்மையை இடிக்க முடியாதே அம்மா. அது ஒப்பந்தத்துக்கு விரோதம்," என்றார் அமைச்சர் வருத்தத்தோடு.

போர் நாள் வந்தது. குடவரை ராணி எழினி மேசையைப் பார்த்தார். பலகைபோல் வழவழவென்று இருந்தது. தம் குதிரைகளை நேராக ஓட விட்டார். தடுக்கச் சதுப்பில்லை. மன்னரின் வில்லாளிகள் ஏறி நிற்கக் குன்றில்லை. கைகலப்பில் ஒதுங்கச் சுவரில்லை.

"ஒரு குட்டிச்சுவர்கூடவா இல்லை?" என்று மன்னர் பதறினார்.

"தங்கள் ஆணைப்படி, மகாப்பிரபு," என்றார் அமைச்சர் பெருமையோடு.

மருங்கையின் கடைசிப் பொம்மையும் சாய்ந்தது.

வென்ற மாவட்டத்தைப் பார்க்க ராணி நேரில் வந்தார். புழுதி பறந்தது. ஓலைக் கொட்டகையில் ஊரே ஒண்டிக் கிடந்தது.

"இங்கே ஒரு குன்று இருந்ததே?"

"இருந்துச்சு தாயி," என்றாள் சடைச்சி. "ராசாவுக்கு ஆட எடைஞ்சலா இருக்குன்னு வெட்டிட்டாவ."

ராணி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இந்த மண்ணை உங்கள் ராஜாவே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் பக்கம் நிறையக் கோரை இருக்கிறது. வருகிறவர்கள் வாருங்கள்," என்றார்.

சடைச்சி கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பின்னால் ஊர் போனது. மறு ஆட்டத்துக்காக அடுத்த ஊர்க் குன்றையும் அளக்க ஆள் வருவதாகச் செய்தி பரவவே, அந்த ஊரும் போனது. மாதம் முடிவதற்குள் மருங்கை நாடு முழுக்க நடந்து எல்லையைக் கடந்துவிட்டது.

தளவேந்தர் சபையைக் கூட்டினார். எதிரி ஒரு பிடி மண்கூட எடுக்காமல் பின்வாங்கியதை அறிவித்தார். இன்று நாட்டில் பசியென்று சொல்பவர் ஒருவருமில்லை, வேலையில்லை என்பவர் ஒருவருமில்லை, அரசைக் குறை சொல்லும் குரல் எங்குமே கேட்கவில்லை என்று பேசினார்.

நெடுமொழியார் எழுந்து நின்று கைதட்டினார். சபையில் அவர் ஒருவர்தான் இருந்தார். தட்டி முடித்ததும் வாசல் காவலனிடம் வந்து, எல்லைக்கு வண்டி ஏதாவது போகிறதா என்று மெல்ல விசாரித்தார்.

"இதோ நான் பூட்டிட்டிருக்கறதுதாங்க கடைசி வண்டி," என்றான் காவலன். "ஏறிக்கோங்க."