எட்டுக்கு மேல் போகக் கூடாது

போஸ்டரில் கேப்டனின் காது மட்டும்தான் விழுந்திருந்தது.

அதுவும் இடது காது. மீதி இடம் முழுக்க வாத்தியார் பரவியிருந்தார். மடியில் பந்து, முகத்தில் அந்தச் சிரிப்பு. சக்கர நாற்காலி ரக்பி உலகக் கோப்பை இந்த முறை சொந்த நாட்டிலேயே நடக்கிறது என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“காது தெளிவாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி.

கேப்டன் வெகுகாலமாகக் கேப்டன். அவர் வைத்திருக்கும் கடைக்கே ‘கேப்டன் ஜெராக்ஸ்’ என்றுதான் பெயர். கரண்ட் பில் கட்டப் போனாலும் கேப்டனாகத்தான் போவார். வாத்தியார் அணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர். எதிராளியின் நாற்காலி வந்து மோதி, பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் எழுந்தாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கேப்டனுக்கு வயிறு எரியும். போதாததற்கு ‘அண்ணே, அண்ணே’ என்று கூப்பிடுவார். அது இன்னும் எரியும்.

போஸ்டர் அடித்தவரைப் பிடித்து, தனக்கு விளம்பர ஆசையே கிடையாது, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, தலைவன் முன்னால் தெரிய வேண்டாமா என்று நெடுநேரம் விளக்கினார். நியாயம்தான் என்று அவரும் மாற்றிக் கொடுத்தார். புதுப் போஸ்டரில் கேப்டன்தான் முன்னால் இருந்தார், நாற்காலியோடு கவிழ்ந்தபடி. அவரைத் தூக்கிவிடக் கை நீட்டிக்கொண்டிருந்தது வாத்தியார்.

“இதுக்குக் காதே தேவலை,” என்றாள் மனைவி.

படம் போனால் போகிறது, ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கேப்டன் கோச்சிடம் போனார். வாத்தியாரிடம் பந்தே போக வேண்டாம், குறுக்கே நின்று ஆளை மறிக்கும் வேலையைக் கொடுங்கள் என்றார். அது யார் கண்ணிலும் படாத வேலை. மூணு பேர் மறித்தால்தான் ஒருத்தர் பேர் வாங்க முடியும். அந்த ஒருத்தர் யார் என்பதில் கேப்டனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அரையிறுதியில் எதிர் அணியில் ஒரு மலை இருந்தார். அதுவரை அவரை எந்த நாட்டாலும் நிறுத்த முடியவில்லை. வாத்தியார் தன் நாற்காலியின் முன்கம்பியை அவர் சக்கரத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முழுக்க விடவேயில்லை. மலை நகரவில்லை. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அந்தப் பக்கம் கேப்டன் மடியில் பந்தோடு கோட்டைத் தாண்டித் தாண்டி கோல் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு எழுதுகிறவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

டிவிக்காரர்கள் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சிரித்தபடி, “எல்லாம் அண்ணன் போட்ட யோசனை,” என்றார்.

அடக்கத்தையும் இவனே எடுத்துக்கொண்டால் தனக்கென்று என்னதான் மிஞ்சும் என்று கேப்டனுக்குத் தோன்றியது. இறுதி ஆட்டம் நாளன்றைக்கு. ஒரு ஆட்டத்துக்கும் வராத மனைவி, இதற்கென்று அலுவலகத்தில் லீவு சொல்லியிருந்தாள். அவள் கண் முன்னாலும் அந்தச் சிரிப்புதானா?

அப்போதுதான் அவருக்குப் புள்ளி விஷயம் உறைத்தது.

இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும், கையும் உடம்பும் எந்த அளவுக்கு ஒத்துழைக்கிறது என்று பார்த்து டாக்டர் புள்ளி போடுவார். அரையில் தொடங்கி மூன்றரை வரை. பலம் கூடக்கூடப் புள்ளி கூடும். களத்தில் இறங்கும் நாலு பேரின் புள்ளியும் சேர்ந்து எட்டுக்கு மேல் போகக் கூடாது. கேப்டன் மூன்று, வாத்தியார் இரண்டு, மற்ற இருவர் ஒன்றரை ஒன்றரை. சரியாக எட்டு. வாத்தியாருக்கு ஒரு அரை கூடினால் போதும், ஒருவர் வெளியே போயாக வேண்டும். கேப்டனையா வெளியே அனுப்புவார்கள்?

மறுநாள் காலை டாக்டரின் அறைக்குப் போனார். முதலில் டாக்டரின் குழந்தைகளை விசாரித்தார். பிறகு, மனசு கேட்காமல் வந்ததாகச் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க டாக்டர். வாத்தியாரு சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கிறாரு. விரல் அப்படி வேலை செய்யுது. கூட இருக்கிறவன் நான் சொல்லலேன்னா யார் சொல்வாங்க?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கவனிக்கிறேன் என்றார். அன்றைய பயிற்சி முழுக்க ஓரமாக நின்று கவனிக்கவும் செய்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கோச் எல்லோரையும் கூப்பிட்டார். வாத்தியாருக்கு இரண்டரை ஆகிவிட்டது என்றார். கேப்டன் ரொம்பவும் வருத்தப்பட்டார். வருத்தம் நன்றாகவே வந்தது.

“கேப்டனுக்கும் மூன்றரை,” என்றார் கோச்.

இந்த வருத்தம் நிஜமாகவே வந்தது.

“இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா ஒன்பது. ஒருத்தரை எடுத்துட்டு ஒருத்தரை விட்டா, விட்டவர் மூஞ்சியை யார் பார்க்கிறது? ரெண்டு பேரும் உட்காருங்க. மாத்து ஆட்டக்காரங்க ஆடட்டும்.”

ஆடினார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தும் விட்டார்கள். ஓரமாக, கேப்டனும் வாத்தியாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கை தட்டினார்கள். மேலே கேலரியில் கேப்டனின் மனைவி, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு மாற்று ஆட்டக்காரருக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலையும்போது கேப்டன் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டார். மூன்றரை என்றால் சும்மாவா? அதற்கு மேல் புள்ளியே கிடையாது. தன் பலத்தை இத்தனை நாள் உலகம் குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. டாக்டர் ஒருவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். பக்கத்தில் வாத்தியார் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், ஒன்றுமே தெரியாத மனுஷன் என்று முதல் தடவையாகக் கேப்டனுக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது.

வாசலில் டாக்டரைப் பார்த்ததும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன்னுடைய பலத்தை எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டார்.

“நான் எங்கே சார் கண்டுபிடிச்சேன்?” என்றார் டாக்டர். “நீங்க என் ரூமுக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின நாளே உங்க வாத்தியார் வந்து, மனசு கேட்கலைன்னு சொல்லி உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டுப் போயிட்டாரே.”