மன்னிப்புக் கேட்கக் கூடாது

"அத்தை, என்னை மன்னி..." என்று ஆரம்பித்த சலவைக் கடைக்காரரின் வாயை, பக்கத்துச் சாவிக் கடைக்காரர் பாய்ந்து வந்து பொத்தினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியாரும் பார்த்தார். மருமகனுக்குக் காலைச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வந்தவர், கடை வாசல் படி ஈரத்தில் வழுக்கி விழுந்திருந்தார். கேரியர் உருண்டு தெருவுக்குப் போனது, கை உடைந்தது.

சாவிக் கடைக்காரர் நண்பரைத் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உனக்குப் புத்தி இருக்கா? மன்னிப்புக் கேட்டா தப்பை ஒப்புக்கிட்ட மாதிரி. கோர்ட்டுல அதையே எடுத்துக் காட்டுவாங்க."

"அவங்க என் மாமியார்ப்பா!"

"சட்டத்துக்கு மாமியார் மருமகன் தெரியாது. விழுந்தவங்க, படியோட சொந்தக்காரர், அவ்வளவுதான். அஜாக்கிரதையால காயம்னா கிரிமினல் ஒரு பக்கம், நஷ்டஈடு ஒரு பக்கம். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி."

சாவிக் கடைக்காரர் எப்போதோ ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனவர். கூப்பிடும்வரை வராந்தாவில் காத்திருந்ததில் சட்டம் முழுவதையும் காதால் படித்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் 'செக்ஷன்'. பூட்டைத் திறந்துவிட்டு, எந்தச் செக்ஷனில் திறந்தேன் என்று சொல்லாமல் சாவியைத் தரமாட்டார்.

சலவைக் கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். காலையில் நனைந்த படுக்கை விரிப்புகளை அந்தப் படி வழியாகத்தான் உள்ளே கொண்டு போயிருந்தார். சொட்டியிருக்கும். சொட்டாமல் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் மாமியாருக்குத் தலையணை வேண்டியிருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, செக்ஷன் சொன்னது நினைவு வர, இதுவும் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். பிறகு அதை மாமியார் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

"இதை நான் வைக்கல அத்தை. இங்கேயே இருந்தது."

மாமியார் தலையணையையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. கணவர் போன பிறகு இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தவர். மருமகன் கடை தொடங்கியபோது, ஆள் வைக்க வசதி வரும்வரை தானே நின்று சட்டைகளை மடித்துக் கொடுத்தவர். 'சொந்த மகன் இருந்தால் இப்படித்தான் இருப்பான்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு, மாப்பிள்ளை வாயிலிருந்து 'கை வலிக்குதா?' என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். "என்னங்க, உப்பு போதுமா?"

"அதைப் பத்தி இப்போ கருத்துச் சொல்ல விரும்பல."

"கருத்தா? உப்பைத்தானே கேட்டேன்!"

"யாரையாவது கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் பாதிதான் சாப்பிட்டிருந்தார்.

மறுநாள் கடை வாசலில் 'படி ஈரம், பார்த்து வரவும்' என்று பலகை எழுதி வைத்தார். செக்ஷன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"விழுந்தப்புறம் பலகையா? நேத்து பலகை இல்லைன்னு நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆச்சே! எடு அதை!"

எடுத்தார்.

"ஐயையோ, ஏன் எடுத்தே? இருந்த சாட்சியத்தைக் கலைச்சிட்டியே!"

வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படியிலேயே சாய்த்து வைத்தார். சட்டை வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் அதில் இடறி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பினார். "நல்லவேளை, பல்லு தப்பிச்சுது" என்று அவர் சொன்னதைக்கூட செக்ஷன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"இனிமே தாங்காது. வக்கீலைப் பாரு" என்றார்.

வக்கீல் அதே கட்டிடத்தில் மாடியில் இருந்தார். தினமும் காலையில் கறுப்புக் கோட்டை இந்தக் கடையில்தான் வாங்கி மாட்டிக்கொண்டு, கையில் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கோர்ட்டுக்கு ஓடுவார். கறாரான பெண்மணி. பொய்க் கேஸ் என்று தெரிந்தால் எத்தனை பெரிய ஆளையும் மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று தெருவே மெச்சும்.

சலவைக் கடைக்காரர் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், நேத்துக் காலையில என் கடைப் படியில ஈரம். எங்க அத்தை வழுக்கி விழுந்து கை..."

வக்கீல் பேனாவை மூடினார். முகம் மாறிவிட்டது.

"நிறுத்துங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன் மேடம்?"

"இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது. எடுத்தா தப்பு. இதுவரைக்கும் சொன்னது என்னைத் தாண்டி எங்கேயும் போகாது. வேற நல்ல வக்கீல் ரெண்டு பேரோட பேர் தரேன், அவங்ககிட்ட எல்லாத்தையும் மனசு விட்டுச் சொல்லுங்க."

"காரணம்?"

"இப்போ சொல்ற நிலைமையில நான் இல்ல. என்னை மன்..." என்று தொடங்கியவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

தேடி வந்த கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவைக்கும் வக்கீலை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்த நேர்மை ஒரு தனி அழகுதான். ஆனால் கீழே இறங்கி வந்தவருக்கு அழகை ரசிக்கும் தெம்பு இல்லை.

"புரியலையா?" என்றார் செக்ஷன், குரலைத் தாழ்த்தி. "ஒரே வக்கீல் ரெண்டு பக்கமும் வாதாடக் கூடாது. அது அவங்க தொழில் தர்மம். உன் கேஸை எடுக்கலைன்னா என்ன அர்த்தம்? எதிர்க்கட்சி உனக்கு முன்னாடியே போயிடுச்சு!"

"அத்தையா?"

"பின்னே, உன் படியில வேற யார் விழுந்தாங்க?"

அன்று சாயங்காலம் சலவைக் கடைக்காரர் வீட்டுக்குள் வந்தது, கூண்டில் ஏறுகிற மாதிரி இருந்தது. மாமியார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எதுவா இருந்தாலும் என் வக்கீல் மூலமா கேளுங்க அத்தை."

மாமியார் அழவில்லை, திட்டவுமில்லை. ஒற்றைக் கையால் புடவைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். பெரிய மகள் வீட்டுக்குப் போகிறாராம். மனைவி கதவருகே நின்று, "அம்மா போனா நானும் கூடவே போறேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் மாமியார் கடை முன்னால் நின்றார், சொல்லிக்கொண்டு போக. படியில் கால் வைக்கவில்லை. பை சின்ன மகள் கையில் இருந்தது.

"போயிட்டு வரேன் மாப்பிள்ளை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

உடைந்த கையோடு போகிறவர், இவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார். சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். செக்ஷன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, ஆள் நிற்கவில்லை.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க! என் படி, நான் துடைச்சிருக்கணும். தப்பு என்னுதுதான். கோர்ட்டுலேயும் இதையே சொல்றேன். கேஸ் போட்டுக்குங்க, ஆனா வீட்டை விட்டுப் போயிடாதீங்க!"

நடுத்தெருவில் நான்கு பேர் பார்க்க அவர் கை கூப்பி நின்றார். சட்டத்தைக் கண்டு நடுங்கிய மனிதர், நடுங்கிக்கொண்டேதான் அதைச் சொன்னார். அதனால்தான் அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேஸா? யார் மேல?"

"நீங்க மாடி வக்கீலைப் பாத்தீங்களே..."

"நான் எந்த வக்கீலையும் பாக்கல. உங்க மேல கோபம்னா நேரா திட்டிட்டுப் போவேனே! கைதானே உடைஞ்சுது, வாய் நல்லாத்தானே இருக்கு! கை வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான் மனசு விட்டுப்போச்சு."

"வலிக்குதா அத்தை?"

"இப்போ வலிக்கல."

மகள் பையைக் கீழே வைத்தாள். எல்லாரும் மெல்லத் திரும்பி செக்ஷனைப் பார்த்தார்கள். செக்ஷன் கையில் இருந்த கிழிந்த சட்டைத் துண்டைப் பார்த்தார்.

"அப்போ அந்தம்மா ஏன் கேஸை எடுக்கல? எங்கேயோ இடிக்குதே" என்றார்.

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. வக்கீல் கோட்டுகூட இல்லாமல் இறங்கி வந்து, நேராக மாமியார் எதிரே போய் நின்றார்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

செக்ஷன் பதறிவிட்டார். "மேடம்! நீங்களே இப்படிச் செய்யலாமா? மன்னிப்புக் கேட்டா ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்!"

"என் வக்கீலும் அதையேதான் சொல்லி என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். இவர் நடுத்தெருவில நின்னு பேசினதை ஜன்னல்லேர்ந்து கேட்டேன். அப்புறம் மேல உக்கார முடியல."

"வக்கீலுக்கு எதுக்கு மேடம் வக்கீல்?" என்று கேட்டார் சலவைக் கடைக்காரர்.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்குக் காலையில உங்ககிட்ட கோட்டை வாங்கிக்கிட்டு ஓடுற அவசரத்துல, அந்தப் படியில பாட்டில் தண்ணியைக் கொட்டிட்டுத் துடைக்காமப் போனவ நான்தான்."