ஹாரன் அடிக்காத ஜீப்பு

போடிமெட்டு மலைப்பாதையில் உஸ்ஸு அண்ணனைப் போல இன்னொரு டிரைவர் பிறக்கவில்லை. பிறந்தால் என் முழங்கால் தாங்காது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவது அவர் சோலி. ஆனால் வண்டியில் பூனை இருந்துவிட்டால் யாரும் தும்மக்கூடக் கூடாது. "உஸ்ஸு..." என்பார். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் எலி பிடிக்கும் பூனை செம்பி, குட்டி போட்டுப் போட்டுத் துரும்பாகியிருந்தாள். இன்னொரு ஈற்று தாங்காது, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் போடி டாக்டர். முதல் தடவை சாக்கில் கட்டிக் கொண்டுபோனதில் மிரண்டு, மேஜையையே உருட்டிவிட்டாள். இந்தப் படபடப்பில் மயக்க ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகுதான் உஸ்ஸு அண்ணன் உள்ளே வந்தார். மூடி போட்ட கூடை ஒன்றில் அவள் படுக்கும் பழைய சாக்கை விரித்து, ஸ்டோர் மூலையில் வைத்துவிட்டார்.

"அதுவா ஏறிப் படுக்கட்டும் தம்பி. நீ மொறச்சு மொறச்சுப் பாக்காத. ஆபரேசன்ங்கிற பேச்சே வாயில வரக் கூடாது. அதுக்கு எல்லாம் வெளங்கும். விசேஷம்னு சொல்லு."

சொன்னதோடு விடவில்லை. "தம்பி வீட்ல விசேஷம். யாரும் சத்தம் போட்டுப் பயமுறுத்தாதீங்க" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் என் மனைவிக்கு மாங்காய் வந்தது. ஊறுகாய் வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் அவள் வாசலில் நின்று கத்தினாள்: "ஒங்க உஸ்ஸு அண்ணே வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!"

"மெதுவா ஆத்தா, செம்பி தூங்குது" என்றார் அவர்.

கிளம்பும் நாளில் செம்பிக்குச் சோறு கிடையாது, டாக்டர் உத்தரவு. அவள் தானாக ஏறிப் படுத்திருந்த கூடையைத் துண்டால் மூடி, சீட்டில் அசையாமல் கட்டினார். ஹாரன் அடிக்க மாட்டேன் என்றார். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் இல்லாமல் எப்படி?

"நீ எறங்கி முன்னால ஓடி, எதுக்க வர்ற வண்டிய நிப்பாட்டு. வெரசா!"

ஒவ்வொரு வளைவிலும் இறங்கினேன், ஓடினேன், துண்டை ஆட்டினேன். கேரளா பஸ்சு டிரைவர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, ஆக்ஸிடென்டா?" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "இல்ல. விசேஷம்" என்றேன். மனிதர் மரியாதையாக என்ஜினை அணைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நாய்கள் குரைத்தன. கூப்பிடும்வரை கூடையை ஜீப்பிலேயே வைத்துக் காவல் நின்றார் அண்ணன். டாக்டர் துண்டை விலக்கியபோது செம்பி கொட்டாவி விட்டாள்.

"அன்னைக்கு வந்த பூனையா இது?" என்றார் டாக்டர். ஊசி போட்டதே அவளுக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் சுளுவாக முடிந்தது. செம்பி பிழைத்தாள்.

சாயங்காலம் மலையேறும்போது, மறுபடி ஓட வேண்டுமே என்ற அலுப்போடு கண்ணை மூடினேன். விழித்தபோது ஜீப்பு எங்கள் வாசலில் நின்றது. வழியில் என்னை யாரும் எழுப்பவில்லை. என் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அதன் ஓரமாகப் பார்த்தேன். அண்ணனின் சட்டை மலைப் பனிமூட்டத்தில் தொப்பலாக நனைந்திருந்தது, செருப்பெல்லாம் சேறு. அத்தனை வளைவிலும் அவரே இறங்கி ஓடியிருக்கிறார்.

என் மனைவி கதவைத் திறந்தாள்.

"உஸ்ஸு... எழுப்பாத ஆத்தா. தானா முழிக்கட்டும்."

நான் முழித்துத்தான் இருந்தேன். ஆனாலும் கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன்; இன்னும் கொஞ்ச நேரம் திறக்க மனசு வரவில்லை.