சரோஜாவுக்குச் சனியைக் காட்டிய சாயங்காலம்

எண்ணுகிற வியாதி எனக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை, பெட்டி, இரும்புச் சுருள் எல்லாவற்றையும் எண்ணி எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றபோது வேலை நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடிப்படி இருபத்திரண்டு. மாடியிலிருந்து பார்த்தால் கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். தினமும் சாயங்காலம் அவற்றை எண்ணி நோட்டில் எழுதிவிட்டுத்தான் காபி. வீட்டுக்குள் தாளிக்கிற கடுகைத் தவிர எல்லாம் எண்ணியாகிவிட்டது. (கடுகையும் ஒருமுறை முயன்றேன். என் மனைவி சரோஜா கரண்டியை ஓங்கினாள்.)

இந்தத் தொல்லை தாங்காமல்தான் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கவிதா என் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு தொலைநோக்கி அனுப்பினாள். "எண்றதுக்கு மேல நிறைய இருக்குப்பா. நீ மாடிக்குப் போ, அம்மாவை விடு" என்றாள் போனில்.

சாதாரணத் தொலைநோக்கி இல்லை. குழாயைத் தாங்குகிற காலுக்குள் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மோட்டார். நாம் எந்த ஊரில் நிற்கிறோம், மணி என்ன என்று சொல்லி, வானத்தில் இரண்டு நட்சத்திரங்களை அடையாளம் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ரிமோட்டில் எந்தக் கிரகத்தின் பெயரை அமுக்கினாலும் அதுவே திரும்பிப் போய்ப் பிடித்துக் காட்டும். வானம் நகர நகரக் கூடவே நகரும். காட்டுவது மட்டும் தலைகீழாக.

சரோஜாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கிரகம். எங்கள் நாற்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் நடந்த கெட்டது அத்தனைக்கும் அவள் சனி பகவானைத்தான் பொறுப்பாக்கியிருந்தாள். கல்யாணத்தன்று பந்தல் சாய்ந்தது, எனக்குக் கால் முறிந்தது, புயல் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது, எல்லாம் அவர் கணக்கு. அந்த அக்டோபரில் அவள் கண்ணில் புரை எடுக்கத் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். ராயபுரத்தில் பிறந்தவள், எதற்கும் அஞ்சாதவள்; ஆனால் கண்ணில் கத்தி என்றதும் நான்கு நாளாகத் தூக்கமில்லை.

"இன்னாங்க, கண்ணு பூட்ச்சின்னா அப்பால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குள்ள அந்த ஆள எனுக்கு ஒரு தபா காட்டுங்க. மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்த கேக்கணும்."

"சனிக்கிழமை காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது பெட்டியைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அறுபத்துநான்கு பக்கக் கையேட்டை மூன்று தடவை படித்தேன். சரிசெய்ய வேண்டியவை மொத்தம் பதினொன்று. வடக்கே பதின்மூன்று பாகை பத்து கலை, கிழக்கே எண்பது பாகை பதினெட்டு கலை என்று ஊரைச் சொன்னேன். தேதியில் மாதத்தை முன்னால் கேட்டு ஏமாற்றப் பார்த்தது, நான் ஏமாறவில்லை. வெளிநாடுகளில் செய்கிற மாதிரி கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. (எங்கள் ஊரில் கோடை எப்போது முடிகிறது, தள்ளி வைப்பதற்கு?) இல்லை என்று போட்டேன். பதினொன்றும் சரி. நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை இருட்டியதும் மாடியில் கருவியை நிறுத்தினேன். வழக்கம்போலக் கடலில் விளக்குகளை எண்ணினேன். நேற்று ஏழு கப்பல், இன்று ஆறு. ஒன்று புறப்பட்டுப் போயிருக்கும் என்று எழுதிக்கொண்டேன். சரோஜா முகம் கழுவி, பொட்டு வைத்து, சண்டைக்குப் போகிறவள் மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழ் வீட்டில் குடியிருக்கும் மாரியும் வேடிக்கை பார்க்க வந்தான். ஐம்பது வயது, கடல் தொழில்.

முதல் நட்சத்திரம் உச்சிக்குப் பக்கத்தில், பிரச்சினை இல்லை. இரண்டாவதற்குக் கருவி கிழக்கே தாழ்வாகத் திரும்பி நின்று, இதை நடுவில் வைத்து அமுக்கு என்றது. கடலோர மூட்டத்தில் அங்கே வானம் எது கடல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருவி காட்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கீழே பளிச்சென்று ஒன்று இருந்தது. முதல் தடவை என்றால் மெஷின் கொஞ்சம் தப்பத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாக நினைத்து, குழாயை இறக்கி, அதை நடுவில் வைத்து அமுக்கினேன். ரிமோட் ஏற்றுக்கொண்டது.

"இப்ப பார்" என்று சொல்லிச் சனியின் பெயரை அமுக்கினேன். மோட்டார் இரண்டும் முனகிக்கொண்டே திரும்பின. குழாய் எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நின்றது.

"இன்னா, குளிச்சிகினு கீறாரா?" என்றாள் சரோஜா.

நிதானமான ஆளாக இருந்தால் நட்சத்திரத்தைச் சந்தேகித்திருப்பான். நான் என் எண்களைச் சந்தேகித்தேன். சரியாக இருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தப்பாக்க ஆரம்பித்தேன். தேதியையும் மாதத்தையும் இடம் மாற்றினேன். கிழக்கை மேற்காக்கினேன். கோடைக்காலத்தை அமலுக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் கருவி, சனி இப்போது அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று எழுதிக் காட்டியது.

மாரி எட்டிப் பார்த்தான். "இன்னா சொல்லுது நைனா?"

"இறங்கிட்டாராம்."

"நான் வந்துகினு கீறேன்னு எவனோ சொல்லிட்டான் போல" என்றாள் சரோஜா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தெற்கே மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள்.

மறுபடியும் அந்தக் கிழக்கு நட்சத்திரத்துக்கே குழாயைக் கொண்டுபோனேன். அரை நிமிடம் நடுவில் நிற்கும், பிறகு மெல்ல விலகி ஓடும். பின்தொடரும் வேகத்தில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று மூன்று வகை இருந்தது. மூன்றையும் போட்டேன். மூன்றிலும் ஓடியது. கோபத்தில் பின்தொடர்வதையே நிறுத்தினேன். அசையாமல் நடுவில் நின்றது!

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இத்தனை பிரகாசம், கண் சிமிட்டவும் இல்லை. கிரகம்தான் சிமிட்டாது என்று கையேட்டில் பக்கம் நாற்பத்தொன்றில் இருக்கிறது. அப்படியானால் இதுவேதான் சனி. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. (வானம் முழுக்க நகரும்போது இது மட்டும் ஏன் நகரவில்லை என்ற கேள்வி அந்த மூளைக்கு வரவில்லை. வயதைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதிலும் வந்திருக்காது.)

"வா சரோஜா. என்ன கேக்கணுமோ கேளு."

அவள் எழுந்து, குழாயைத் தோளால் இடித்துக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் குனிந்து, நல்ல கண்ணை வைத்தாள்.

"இன்னாங்க, பனியன் போட்டுகினு கீறாரு."

"யாரு?"

"சனி பகவான்தான். தலகீழா நிக்கிறாரு. சொக்காவ ஒதறிக் கொடியில போடறாரு."

மாரி தொலைநோக்கிப் பக்கமே வரவில்லை. கைப்பிடிச் சுவருக்குப் போய் வெறுங்கண்ணால் கடலைப் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் மூச்சு வரவில்லை.

"நைனா, அது கப்பலு. நங்கூரம் போட்டா ஏத்தற லைட்டு. மூணு நாளா அங்கதான் கீது. நீ முப்பத்திநாலு வருசம் கப்பலாண்டயே குந்திகினு இருந்தவன்தான?"

ஏழாவது கப்பல். மறுநாள் காலையில் முதல் வேலையாக நோட்டில் ஆறை அடித்து ஏழாக்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு மாடியிலிருந்து இறங்கி எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. சரோஜா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "உடுங்க. கப்பல்காரரயாச்சும் பாத்தேனே" என்றாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"அல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேந்து போடு நைனா" என்றான் மாரி. "மேகம் வர அரை மணி நேரம் கீது. எது கப்பல், எது நட்சத்திரம்னு நான் சொல்றேன்."

நோட்டைப் பிரித்தேன். பதினொன்றையும் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மாரி பக்கத்தில் நின்று, "இது கப்பல் இல்ல, போடு" என்று சான்றிதழ் கொடுத்தான். இந்தத் தடவை கிழக்குப் பக்கமே போகவில்லை. கருவியிடம் கெஞ்சி, உயரத்தில் வேறொரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சனியின் பெயரை அமுக்கினேன். குழாய் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே ஏறி நின்றது. பார்த்தேன். அந்த வருடம் வளையம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நடுவில் ஒரு சின்ன முத்து, குறுக்கே ஒரு மெல்லிய கோடு. சரோஜாவைக் கூப்பிடுகிற அவசரத்தில் ரிமோட் கைநழுவியது. மாரி பிடித்துக்கொண்டான்.

சரோஜா குனிந்தாள். நான் எண்ணினேன். தொண்ணூறு வரைக்கும் அவள் தலையை எடுக்கவில்லை.

"என்ன, கேட்டியா?"

"இத்தினிக்கோண்டு கீறாருங்க. இடுப்புல ஒட்டியாணம் வேற. பச்சப்புள்ள மாதிரி." இன்னொரு தடவை பார்த்தாள். "இவரு இன்னாத்த பந்தலச் சாய்ப்பாரு? இவரப் போயி இம்மா நாளு திட்டிகினு இருந்துக்கிறேன்."

பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அல்லாம் நீங்க பண்ணதுதான்."

மாரி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய தீர்ப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். திங்கட்கிழமை அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளு இம்மாம் பெர்சா கீறாரு, நான் போயி ஆகாசத்துல தேடிகினு இருந்தேன்" என்று நர்ஸிடம் சொன்னாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சனியின் பெயரை யாரும் எடுப்பதில்லை. பால் திரிந்தால் நான். கரண்ட் போனால் நான். போன மாதம் கவிதா கோயம்புத்தூரில் ரயிலைத் தவறவிட்டாள், போன் போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா பண்ணே?" நாற்பத்துமூன்று வருடம் என் பங்கையும் சேர்த்து அவர் ஒருவரே சுமந்திருக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது. இந்த மாதம் மட்டும் என் கணக்கில் இதுவரை பதினேழு. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.